தில்லையாடி ஸ்டேஷனில் காந்தி இறங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊட்டி மலை ரயிலின் சின்ன ஸ்டேஷன்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வரிசையாகப் படங்கள். நானும் பேரப்பிள்ளைகளோடு அந்த வண்டியில் போய், ஹில்குரோவில் குரங்குக்குப் பயந்து முந்தானைக்குள் மறைத்து வடை தின்றவள்தான். அதனால் ரசித்தே படித்தேன். படித்து முடித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஸ்டேஷன்கள் சிலவற்றைச் சுற்றி ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடம். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்று ஏறும் மலையில் நீராவி எஞ்சினுக்குத் தாகம் அதிகம். ஆனாலும் அவற்றுக்கு வர்ணம் அடித்து, பெயர்ப்பலகை எழுதிப் பார்த்துக்கொள்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்த ரயிலைச் சேர்த்தது. நல்லது, சந்தோஷம். ஆனால் காவிரிக் கடைமடையில், வழி நெடுக ஊர்களாக இருந்த ஒரு பாதையில், ரயில் நின்றுபோய்க் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அதைப் பற்றி எழுத ஆள் இல்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். கடிதம் நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். தேதிகளை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் தில்லையாடிக்காரி. பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவள். அப்பா மாயவரம்–தரங்கம்பாடி ரயில் பாதையில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தை நடந்து பார்த்துச் சரிசெய்கிறவராக இருந்தார்.

பாதை திறந்தது 1926-ல். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக் கடற்கரை வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர், மீட்டர்கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலம். மாயவரம் டவுன், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், கடைசியில் தரங்கம்பாடி. (மாயவரம் மயிலாடுதுறை ஆனது 1982-ல். எனக்கு இரண்டு பெயரும் வாயில் மாறி மாறித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) 1986-ல் வண்டியை நிறுத்தினார்கள். மொத்தம் அறுபது வருஷம்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் எத்தனை கதைகள் முளைத்துவிட்டன என்று பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு கதை டேனிஷ்காரர் கதை. தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வந்த ஒரு சென்னைக் குடும்பத்துக்கு ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், இந்தப் பக்கம் ரயில் போட்டதே டேனிஷ்காரர்தான் என்று என் எதிரிலேயே விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களும் தலையாட்டிக்கொண்டார்கள். தரங்கம்பாடியில் எது பழசாக இருந்தாலும் அதை டேனிஷ் கணக்கில் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. கோட்டை அவர்களுடையது, 1620. பாதிரியார் சீகன்பால்க் வந்து இறங்கியது 1706. அச்சுக்கூடம், 1715-ல் தமிழில் அச்சான புதிய ஏற்பாடு, எல்லாம் உண்மை. ஆனால் 1845-ல் அவர்கள் ஊரை இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். பம்பாயில் நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853-ல். இந்தியாவில் யாருமே ரயிலில் பயணம் போகாத காலத்தில் தரங்கம்பாடிக்கு மட்டும் எப்படி ரயில் வந்திருக்கும்? அந்தத் தம்பியிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "டேனிஷ்னு சொன்னாத்தான் டீச்சர் கேக்கறாங்க" என்றார். அவர் பிழைப்பு அவருக்கு.

இன்னொரு கதை எங்கள் ஊருக்கே சொந்தமானது. காந்தி தில்லையாடி ஸ்டேஷனில் இறங்கினார் என்பது. மேடையில் பேசுகிறவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள்.

காந்தி தில்லையாடிக்கு வந்தது நிஜம், 1915 மே 1. தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்த வருஷம் ஜனவரியில்தான் நாடு திரும்பியிருந்தார். அங்கே அவரோடு சிறை சென்றவர்களில் நிறையப் பேர் எங்கள் சுற்றுப்பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். அப்படிச் சிறை சென்றவர்களில் ஒருத்தி வள்ளியம்மை, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். பெற்றவர்களின் ஊர் தில்லையாடி. சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோனாள். அந்தப் பெண்ணின் ஊரைப் பார்க்க மறு வருஷம் காந்தி வந்தார். ஆனால் அப்போது மாயவரம் வரைக்கும்தான் ரயில். எங்கள் ஸ்டேஷன் வந்ததே அதற்குப் பதினோரு வருஷம் கழித்து. இல்லாத ஸ்டேஷனில் மகாத்மாவே ஆனாலும் இறங்க முடியாது.

இதை ஊரில் சொன்னால் சிலருக்கு முகம் சுண்டிப்போகிறது. "நல்லா இருக்கிற கதையை ஏன் டீச்சர் கெடுக்கிறீங்க" என்று ஒரு பெரியவர் நேரிலேயே கேட்டுவிட்டார். நான் கெடுக்கவில்லை. காந்தி இறங்கினால்தான் அந்த ஸ்டேஷனுக்கு மதிப்பு என்று நினைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே நிஜமாகவே ஏறி இறங்கினவர்கள் இல்லையா? அவர்கள் கதை போதாதா? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் மீன்காரம்மாக்கள். தரங்கம்பாடியிலிருந்து காலை வண்டியில் கூடை கூடையாக மீன் வரும். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டும். பெட்டி முழுக்கக் கவிச்சி. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரிக்குப் போகும் பையன்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறி மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். என் அண்ணனும் அவர்களில் ஒருவன். ஒருநாள் ஓர் அம்மா அவனைப் பார்த்து, "மூக்கைப் புடிச்சிட்டு நிக்கிறியே, ராத்திரி கொழம்புக்கு வாயையும் அப்படிப் புடிச்சிட்டுத்தான் ஒக்காருவியா?" என்று கேட்க, பெட்டியே சிரித்ததாம். அவன் வீட்டில் வந்து சொல்லவில்லை. அதே வண்டியில் வந்த அப்பாவின் சினேகிதர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தயிர்ப்பானை, கீரைக்கட்டு, முறுக்குக் கூடை எல்லாவற்றுக்கும் அந்த வண்டியில் இடம் இருந்தது. பஸ்ஸில் இதையெல்லாம் ஏற்ற கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டும். ரயில் போனதில் முதலில் அடிபட்டது இந்தப் பெண்களின் வியாபாரம்தான். ரயிலின் லாப நட்டக் கணக்கில் இது எந்த வரியில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் கப்பலுக்குப் போகிறவர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆக்கூர், பொறையார், தில்லையாடி, தரங்கம்பாடி என்று எங்கள் பக்கத்தில் மலாயாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. முஸ்லிம் வீடுகளில் சபுராளி (கடல் கடந்து பிழைக்கப் போனவர்) இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர். ரஜூலா கப்பலின் பெயர் எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கெல்லாம் தெரியும். அந்தக் கப்பல் கட்டப்பட்டதும் 1926-ல்தான், எங்கள் பாதையின் வயது. 1973 வரைக்கும் ஓடியது. எங்கள் ஊரிலிருந்து மாயவரம் போய், வண்டி மாறித் திருவாரூர், அங்கிருந்து நாகப்பட்டினம். ஆக, சிங்கப்பூர்ப் பயணத்தின் முதல் டிக்கெட் எங்கள் ஸ்டேஷனின் சின்ன ஜன்னலில் வாங்கிய அட்டை டிக்கெட்தான். தேதி அடிக்கும் இரும்பு மெஷினுக்குள் அட்டையை விட்டு எடுத்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும். நாங்கள் பிள்ளைகள் அதைக் கேட்கவே ஜன்னலுக்குக் கீழே நிற்போம்.

கப்பல் ஆள் புறப்படும் நாளில் பிளாட்பாரம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். பிளாட்பாரம் என்றால் உயரமான மேடை இல்லை, தண்டவாள மட்டத்துக்கு மண் போட்டு ஓரத்தில் கல் வைத்தது. பச்சை வர்ணம் அடித்த டிரங்குப் பெட்டி, அதன்மேல் வெள்ளையில் பெயரும் பினாங்கு விலாசமும். பாயில் சுற்றிய படுக்கை. ஊறுகாய் ஜாடியைத் துணியால் வாய் கட்டி, மடியிலேயே வைத்திருக்கும் அம்மா. வண்டி கிளம்பும்போது அழுகிற பெண்களை டேசன் மாஸ்டர், "தள்ளி நில்லுங்கம்மா, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாலைந்து வருஷம் கழித்து அதே ஆள் திரும்பி வந்து இறங்குவார். செண்ட் வாசனை, கையில் டிரான்சிஸ்டர். போகும்போது இடுப்பில் இருந்த குழந்தை பாவாடை கட்டிக்கொண்டு, யார் இவர் என்று பார்த்துக்கொண்டு நிற்கும். இப்படி எத்தனை அப்பாக்களை எத்தனை பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் அறிமுகப்படுத்தியிருப்பார்கள்! வள்ளியம்மையின் அப்பாவும் ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே ஊரிலிருந்து இப்படித்தானே கடல் தாண்டிப் போயிருக்கிறார். அவர் காலத்தில் ஸ்டேஷன் இல்லை. இருந்திருந்தால் அங்கேதான் அழுதிருப்பார்கள்.

திருக்கடையூர்க் கூட்டம் தனி. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று மாலையும் கழுத்துமாக வயசான மாப்பிள்ளை பெண்ணோடு மொத்தக் குடும்பமும் இறங்கும். இன்றைக்கு முகூர்த்த நாளில் அந்த ஊர்ச் சாலையில் கார் நிறுத்த இடம் கிடையாது. ரயில் விட்டால் ஏற ஆள் இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை அந்தப் பக்கம் வந்து பார்க்கலாம்.

இனி அப்பா வேலை. கீமேன் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, தன் பொறுப்பில் உள்ள தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்த்துவர வேண்டும். தண்டவாளத்தை அடியில் குறுக்காகக் கிடக்கும் சிலீப்பர் கட்டையோடு பிடித்துவைத்திருக்கும் சாவி தளர்ந்திருந்தால் தட்டி இறுக்க வேண்டும். தட்டுகிற சத்தத்தை வைத்தே எது தளர்ச்சி என்று அப்பாவுக்குத் தெரியும். வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் ஆடினாலும் அதே மாதிரி ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்.

டெல்டாவில் இந்த வேலை லேசு இல்லை. அடியில் எல்லாம் களி. ஐப்பசி, கார்த்திகையில் ஊறி இளகும். சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடிக்கும். ஜல்லியைக் கொட்டிக் கெட்டிப்படுத்தி வைத்தால் அடுத்த மழையில் ஒரு பக்கம் இறங்கிவிடும். கேங் ஆட்கள் கடப்பாரையைக் கொடுத்து, பாட்டுக் கட்டி, ஒரே மூச்சில் தூக்குவார்கள். மேஸ்திரி குனிந்து கன்னத்தைத் தண்டவாளத்தில் வைக்காத குறையாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்ப்பார். போதவில்லை என்றால் கையை ஆட்டுவார், மறுபடியும் பாட்டு. மலை ரயிலில் பல்சக்கரத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளக்கிறோம். பிளக்க வேண்டியதுதான். சேற்றின் மேல் இரண்டு இரும்புக் கம்பியை அறுபது வருஷம் மட்டம் மாறாமல் வைத்திருந்ததும் ஒரு வேலைதான் ஐயா. என்ன, போட்டோவில் எடுப்பாகத் தெரியாது.

1977 நவம்பர் புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அன்று எங்கள் தெருவில் கூரை இல்லாமல் போனவர்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஏறியது ரயில் பாதை மேட்டில்தான். சுற்றிலும் தண்ணீர், மேட்டின் மேல் மாடும் மனுஷரும். தண்ணீர் வடிந்ததும் அப்பாவும் கேங் ஆட்களும் எங்கே அரித்திருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக் கூரையைச் சரிசெய்ய மாமாதான் வந்தார்.

வண்டியை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், வருமானம் இல்லை. பஸ் நிறைய வந்துவிட்டது, வண்டி மெதுவாகப் போனது, டிக்கெட் இல்லாமல் வந்தவர்களும் உண்டு. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சிலீப்பர் கட்டைகளை ஏலத்தில் எடுத்து வாசக்கால் செய்தவர்கள் உண்டு. எங்கள் உறவினர் வீட்டுக் கொல்லைக் கதவு இன்னும் அந்த மரத்தில்தான் நிற்கிறது. கரையான் கிட்டவே வரவில்லை.

நான் எழுத வந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. டெல்டாவில் இப்படி நின்றுபோன கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. நீடாமங்கலம்–மன்னார்குடி 2011-ல் வந்தது. உப்பளத்துக்குப் போகும் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி, 37 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திறந்தார்கள். 1898-ல் போட்டு, எங்கள் பாதை நின்ற காலத்திலேயே நின்றுபோன பேரளம்–காரைக்கால் பாதையிலும் மறுபடி தண்டவாளம் போட்டாயிற்று. பாக்கி இருப்பது மயிலாடுதுறை–தரங்கம்பாடிதான். கோரிக்கை மனு கொடுக்காத வருஷம் இல்லை. எப்போது வரும் என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். ஆனால் வருவதற்குள் அந்தப் பாதையில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரிந்த ஆட்கள் இருக்க மாட்டார்கள். அதுதான் என் கவலை. கேங்கில் அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் எங்கள் ஊரில் மிச்சம் இருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பாரம்பரிய ரயில் என்றால் மலையும் குகையும் பனியும் இருக்க வேண்டும் என்று ஏதாவது சட்டமா? யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் டார்ஜிலிங், நீலகிரி, கல்கா–சிம்லா மூன்றும் மலைதான். சமவெளி ரயிலுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. அதிலும் தஞ்சை மண்ணுக்கு அதிகமாகவே இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் ஓடியது. மறு வருஷம் திருச்சி. அப்போது அது அகலப்பாதை. 1870-களில் அதை மீட்டர்கேஜாகக் குறுக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து நாம் அதே பாதையை மறுபடியும் அகலப்படுத்தினோம். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போட்ட பாதை இன்னும் விசேஷம். தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தீர்வையோடு சேர்த்துத் தனியாக வரி வசூலித்துப் போட்டது. அதாவது குறுவையும் சம்பாவும் விளைவித்த காசில் வந்த ரயில். லண்டன் கம்பெனி கொண்டுவந்து கொடுத்த தானம் இல்லை.

அப்புறம் அந்த மலை ரயில் விஷயத்துக்கே வருகிறேன். உங்கள் கட்டுரையில் எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவை என்று இருந்தது. பழையவை அப்படித்தான். ஆனால் 2011 முதல் அந்தப் பல்சக்கர எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். பொன்மலைப் பணிமனை எங்கிருந்து வந்தது? நாகப்பட்டினத்திலிருந்து. 1920-களில் நாகையில் இருந்த பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றியபோது ஆள்குறைப்பு என்ற பேச்சு எழுந்து, 1928-ல் தென்னிந்திய ரயில்வே முழுக்கப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் அதற்காகச் சிறை சென்றார். ஆக, ஊட்டி மலையில் இன்று புகை விட்டுக்கொண்டு ஏறும் புது எஞ்சின்களின் பூர்வீகம் நாகப்பட்டினம். மலைக்கு எஞ்சின் செய்து கொடுக்கத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்காகப் பொறையார் வரைக்குமாவது ஒரு சின்ன நீராவி வண்டி விட்டால் என்ன என்று என் பேரன் கேட்கிறான். எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. காசு பார்க்கும் ரயில் வந்தால் மீன்கூடையை ஏற்ற விட மாட்டார்கள்.

நான் கேட்பது ரயில்கூட இல்லை, ஒரு பலகை. தில்லையாடியில் ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஒரு கல்லோ பலகையோ வைத்து, 1926-ல் திறந்தது, 1986-ல் நின்றது, இன்ன ஊர்கள் வழியாகப் போனது, யார் யார் இதில் போனார்கள் என்று சரியாக எழுத வேண்டும். மற்ற ஸ்டேஷன்களுக்கும் அப்படியே. புதுப் பாதை எந்த வழியாக வந்தாலும் தில்லையாடி என்ற பெயரில் ஒரு நிறுத்தம் அதில் இருக்க வேண்டும். இந்த மாதிரித் திட்டங்களில் முதலில் கழிபடுவது சின்ன ஊரின் பெயர்தான். பெரிய பலகை எதுவும் வேண்டாம், ஆட்டோக்காரத் தம்பி படித்துவிட்டு வாடிக்கையாளரிடம் சொல்லும் அளவுக்கு இருந்தால் போதும். பலகையில் காந்தி பெயரையும் போடலாம். எதிர்ப்பு இல்லை. அவர் வந்தபோது இங்கே ரயில் இல்லை என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.

மயிலாடுதுறை தனி மாவட்டமாகி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. மாவட்டத்துக்கு என்று ஓர் அருங்காட்சியகம் வரும்போது அதில் இந்தப் பாதைக்கு ஒரு சுவர் ஒதுக்கினால் பொருள் கொடுக்க நான் தயார். அப்பாவின் சாவிச் சுத்தியல், கண்ணாடி உடையாத கைவிளக்கு, கடைசிக் காலத்து அட்டை டிக்கெட் சில என்னிடம் இருக்கின்றன. சுத்தியல் அவர் ஓய்வுபெற்ற அன்று மேஸ்திரி கையில் கொடுத்தது. ரயில்வே சொத்து உங்கள் வீட்டில் எப்படி என்று யாராவது கேட்டால், மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும். அவரும் இப்போது இல்லை. பொறையார், ஆக்கூர் பக்கத்தில் இன்னும் யார் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறதோ. டிரங்குப் பெட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹில்குரோவுக்கு அனுப்பிய அதே நிருபரையும் போட்டோக்காரரையும் ஒருநாள் எங்கள் பக்கம் அனுப்புங்கள். கேங்கில் இருந்த பெரியவர்களை நானே கூட்டிவைக்கிறேன். காலை பத்து மணிக்குள் வந்துவிட்டால் நல்லது. மதியச் சாப்பாடு ஆனதும் அவர்கள் தூங்கப் போய்விடுவார்கள், அப்புறம் எழுப்பினால் சரியாகப் பேச மாட்டார்கள்.

இப்படிக்கு,
கீமேன் மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை,
தில்லையாடி, மயிலாடுதுறை மாவட்டம்.